‘சயாமுக்குப் போன’ தாத்தா கூகுளில் ஏன் கிடைப்பதில்லை? ஆய்வுக் கட்டுரைக்குத் தேடும் வழிகள்

கட்டுரையை ஒப்படைக்க இன்னும் மூன்று வாரம்தான். வரலாற்றுப் பாடத்துக்கு நீங்கள் எடுத்த தலைப்பு சயாம் மரண ரயில். அதற்குக் காரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. “தாத்தாவோட அண்ணன் சயாமுக்குப் போனாரு, திரும்பி வரவே இல்ல” என்று பாட்டி எப்போதோ சொன்னது. தோட்டப்புறத்தில் வேர் உள்ள பல மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரு வரி உண்டு.

இரவு, ஸ்கூடாய் விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்து ஆங்கிலத்தில் ‘டெத் ரயில்வே’ என்று தட்டுகிறீர்கள். க்வாய் நதிப் பாலம் வருகிறது. 1957இல் வெளிவந்த ஹாலிவுட் படம் வருகிறது. காஞ்சனபுரி சுற்றுலாப் பயணமும், பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க் கைதிகளின் நினைவுக் குறிப்புகளும் வருகின்றன. தமிழர்கள்? ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் ஒரு பத்தி.

“மெட்டீரியலே இல்ல, தலைப்பை மாத்திடலாம்” என்று தோன்றுகிறதா?

கொஞ்சம் பொறுங்கள். மெட்டீரியல் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் தட்டிய பெயரில் இல்லை. தேடலில் வரவில்லை என்பதற்கும் நடக்கவில்லை என்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்று இந்த ஒரு தலைப்பையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம். உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் முறை இதுதான்.

முதலில், என்ன நடந்தது?

இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. 1942இல் தொடங்கிய வேலை, 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தபோது முடிந்தது. 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் உள்ள ஏறக்குறைய 7,000 கைதிகளில் பெரும்பாலோருக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. ராணுவம் தன் வீரர்களின் பெயரையும் எண்ணையும் பிரிவையும் எழுதி வைத்திருந்ததே காரணம். தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவர்களுக்கு அப்படி ஒரு பட்டியலை யாரும் ஒழுங்காகப் பராமரிக்கவில்லை. கூகுளின் முதல் பக்கத்தில் கைதிகள் நிறைந்திருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. யாரைப் பற்றிய எழுத்து அதிகமோ, அவர்களைப் பற்றிய தேடல் முடிவும் அதிகம்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘சயாம் மரண ரயில்’ என்பது ஒரு தலைப்பு. அதை வைத்து 3,000 சொற்களில் கட்டுரை எழுதினால் விக்கிப்பீடியாவின் சுருக்கம்தான் கிடைக்கும். யாரை, எங்கே, எப்போது என்று மூன்று பக்கமும் வேலி போடுங்கள். உதாரணத்துக்கு: 1945, 1946ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து திரும்பிய ஜொகூர்த் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி அன்றைய நாளிதழ்கள் என்ன எழுதின?

இது சின்னக் கேள்விதான். ஆனால் எந்த ஆண்டு, எந்த நாளிதழ், எந்த மாநிலம் என்று தேட வேண்டிய இடத்தை அதுவே சொல்லிவிடுகிறது. மூன்று வாரத்தில் முடிக்கவும் முடியும்.

ஒரே ரயில், எத்தனை பெயர்?

தேட ஆரம்பிக்கும் முன் ஒரு தாளை எடுத்து, இந்த விஷயத்துக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எழுதிப் பாருங்கள். பலர் தவறவிடும் படி இதுதான்.

ஆங்கிலத்தில் மட்டும் பர்மா-சயாம் ரயில்வே, சயாம்-பர்மா ரயில்வே, தாய்லாந்து-பர்மா ரயில்வே, டெத் ரயில்வே என்று நான்கு பெயர்கள். அமெரிக்க நூலகங்கள் ‘ரயில்வே’க்குப் பதில் ‘ரயில்ரோட்’ என்று எழுதும். மலாயில் ‘கெரெத்தாப்பி மாவுட்’ என்று தேட வேண்டும். தமிழில் ரயில், இரயில் என இரண்டு எழுத்துமுறை. அதோடு ‘மரண ரயில்’, ‘மரண ரயில் பாதை’ என இரண்டு வழக்கு.

நாட்டின் பெயரும் நிலையாக இல்லை. சயாம் 1939இல் தாய்லாந்து ஆனது. போர் முடிந்ததும் மீண்டும் சயாம் ஆனது. 1949 முதல் திரும்பவும் தாய்லாந்து. ஆகவே 1946ஆம் ஆண்டு நாளிதழில் ‘தாய்லாந்து’ என்று மட்டும் தேடினால் பாதிக்கு மேல் தவறிப்போகும்.

மக்களைக் குறிக்கும் சொற்களும் அப்படித்தான். இன்றைய ஆய்வாளர் ‘ஏஷியன் லேபரர்ஸ்’ என்பார். ஜப்பானியச் சொல் ‘ரொமூஷா’. அன்றைய ஆங்கில நாளிதழ் ‘தமிழ் கூலீஸ்’ என்று எழுதியது. அந்தச் சொல் இன்று நமக்குக் கசக்கும். கட்டுரையில் உங்கள் சொல்லாக அதைப் பயன்படுத்தத் தேவையில்லை. ஆனால் தேடல் பெட்டியில் தட்டாமல் விட்டால் அந்தச் செய்தி உங்கள் கண்ணில் படாது.

ஊர்ப் பெயர்களையும் மறக்க வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தில் ஜொகூரை எழுதும்போது கடைசியில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தார்கள். ஸ்கூடாயின் இரண்டாவது எழுத்து இன்று ‘கே’. அன்று அதை ‘சி’ போட்டும் எழுதினார்கள். பழைய எழுத்துக்கூட்டலில் தேடினால்தான் பழைய தாள் கிடைக்கும்.

தேடல் பெட்டிக்குச் சில இலக்கணங்கள்

நூலகத் தரவுத்தளங்கள் கூகுள் மாதிரி உங்கள் மனதை ஊகிக்க முயலாது. சொன்னதை மட்டும் செய்யும். அதனால் சரியாகச் சொல்லப் பழக வேண்டும்.

‘அண்ட்’ போட்டால் இரண்டு சொல்லும் உள்ளவை மட்டும் வரும், முடிவுகள் குறையும். ‘ஆர்’ போட்டால் இரண்டில் ஒன்று இருந்தாலே வரும், முடிவுகள் கூடும். ‘நாட்’ போட்டால் அந்தச் சொல் உள்ளவை விலகும். இந்த மூன்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுவது நல்லது. சில தளங்கள் அப்போதுதான் புரிந்துகொள்ளும். சொற்றொடர் அப்படியே வர வேண்டுமானால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

ஒரே பொருளுள்ள சொற்களை ‘ஆர்’ போட்டு ஓர் அடைப்புக்குள் வையுங்கள். அடைப்புகளை ‘அண்ட்’ போட்டு இணையுங்கள். நம் உதாரணத்தில் இப்படி வரும்:

(சயாம் ஆர் தாய்லாந்து) அண்ட் (ரயில்வே ஆர் ரயில்ரோட்) அண்ட் (தமிழ் ஆர் இந்தியன் ஆர் மலாயன்)

இதை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். முதல் பக்கமே வேறு மாதிரி இருக்கும்.

உடுக்குறியும் உதவும். ‘லேபர்’ என்ற சொல்லை பிரிட்டிஷார் ஒரு விதமாகவும் அமெரிக்கர் வேறு விதமாகவும் எழுதுகிறார்கள். முதல் நான்கு ஆங்கில எழுத்தை மட்டும் தட்டி உடுக்குறி போட்டால், பெரும்பாலான தரவுத்தளங்களில் இரண்டும் வந்துவிடும். கூடவே ‘லேபரட்டரி’யும் வரும், அதற்குத்தான் மற்ற அடைப்புகள். ‘நாட்’டை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். ‘கைதிகள் வேண்டாம்’ என்று நீக்கினால், கைதிகளோடு சேர்த்துத் தமிழர்களைப் பற்றியும் பேசும் நூல்கள் எல்லாம் காணாமல் போய்விடும்.

நூலகப் பட்டியலில் சண்முகம் எங்கே?

ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ மலேசியத் தமிழில் இந்த வரலாற்றைச் சொல்லும் முக்கியமான நாவல். அதை ஒரு பெரிய பல்கலைக்கழக நூலகத்தின் பட்டியலில் தேடுகிறீர்கள். ‘எஸ்’ போட்டுச் சண்முகம் என்று தட்டினால் ஒன்றும் வரவில்லை. புத்தகமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பல நூலகங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுத ஒரு தனி விதியைப் பின்பற்றுகின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வகுத்த அந்த விதியில் ‘ச’ எப்போதும் ‘சி’ என்ற எழுத்துதான், ‘எஸ்’ கிடையாது. ‘க’ எங்கே வந்தாலும் ‘கே’, ‘ஜி’ கிடையாது. எனவே சண்முகம் அங்கே சி-ஏ-என்-எம்-யு-கே-ஏ-எம். சயாமும் ‘சி’யில்தான் ஆரம்பிக்கும். ‘ழ’ வரும் இடத்தில் கீழே கோடிட்ட ‘எல்’. நீங்கள் வெறும் ‘எல்’ போட்டாலே போதும். தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில ஒலிப்பில் ஒருமுறை, இந்த விதிப்படி ஒருமுறை என மூன்று முறை தேடுங்கள்.

ஒரு நல்ல புத்தகம் கிடைத்ததும் அதன் பதிவை முழுசாகத் திறந்து ‘சப்ஜெக்ட்’ என்ற பகுதியைப் பாருங்கள். நூலகர்கள் ஒரே விஷயத்தைப் பேசும் நூல்களுக்கெல்லாம் ஒரே பொருள் தலைப்பைக் கொடுத்திருப்பார்கள். அதைச் சொடுக்கினால், நீங்கள் நினைத்தே பார்க்காத பெயருள்ள நூல்களும் வரிசையில் வந்து நிற்கும். அடுத்து அலமாரிக்கே போங்கள். டியூவி முறையில் அடுக்கும் நூலகங்களில் மலேசிய வரலாறு 959.5இல், இரண்டாம் உலகப் போர் 940.54இல் இருக்கும். நீங்கள் தேடிய நூலுக்கு இரண்டு புத்தகம் தள்ளி இருப்பதுதான் சில நேரம் அதிகம் உதவும்.

ஜொகூர் பாருவிலிருந்து எங்கெல்லாம் போகலாம்?

உங்கள் கல்லூரி நூலகத்தில் ஆரம்பியுங்கள். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு சுல்தானா ஸனாரியா நூலகம் இருக்கிறது. ‘அது எஞ்சினியரிங் பல்கலைக்கழகமாச்சே’ என்று தயங்க வேண்டாம். நூலகம் சந்தா கட்டும் தரவுத்தளங்களை மாணவர் கணக்கில் நுழைந்து விடுதியிலிருந்தே பயன்படுத்தலாம். ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு இணையத்தில் பணம் கேட்டால், கட்டாதீர்கள். முதலில் நூலகத் தளத்தின் வழியாக நுழைந்து பாருங்கள். அங்கும் இல்லையென்றால், வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். நூலகங்களுக்கு இடையிலான இரவல் என்பது பழைய, நடைமுறையில் உள்ள ஏற்பாடு.

தமிழ் நூல்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தின் பட்டியலைப் பாருங்கள். 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையின் துணையோடு அங்கே தமிழ்த் தொகுப்பு வளர்ந்தது. கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறும் முன் பட்டியலில் தேடி, நூலின் அழைப்பெண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.

வீட்டிலிருந்தபடியே பார்க்கக்கூடியவையும் உண்டு. மலேசியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ‘மைட்டோ’ என்ற தளம். உள்நாட்டு ஆய்விதழ்களுக்கு ‘மைஜர்னல்’. 1877இல் தொடங்கிய அரச ஆசியக் கழகக் கிளையின் ஆய்விதழ் உட்படப் பலவற்றை ‘ஜேஸ்டோர்’ தளத்தில் படிக்கலாம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இலங்கைத் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கும் ‘நூலகம்’ தளமும் இருக்கின்றன. எல்லாம் தமிழருக்கான பொதுச்சொத்து மாதிரி. தயங்காமல் திறந்து பாருங்கள்.

அரசுக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. போர் முடிந்த 1945 செப்டம்பரிலிருந்து 1946 மார்ச் வரை மலாயாவை ஆண்டது பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். அதன் கோப்புகளை ‘பி.எம்.ஏ.’ என்ற முன்னெழுத்தில் தேடலாம். திரும்பி வந்தவர்கள், கணவனை இழந்தவர்கள், தொழிலாளர் நிவாரணம் பற்றி அந்த நிர்வாகம் என்ன எழுதியது என்பது நம் கேள்விக்கு நேராக வரும் விஷயம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மலாயாவின் பழைய நாளிதழ்களில் கணிசமானவை சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தில் இருக்கின்றன. எல்லையைத் தாண்டாமலே பார்க்கலாம். ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் இருக்கிறது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர் நடத்திய சியோனான் நாளிதழ் இருக்கிறது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் இருக்கிறது. சில இதழ்களை மட்டும் நூலகத்துக்கு நேரில் போய்த்தான் பார்க்க முடியும். விக்டோரியா சாலையில் உள்ள லீ கொங் சியான் குறிப்புதவி நூலகத்தில் உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை.

இங்கே தேடும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். பழைய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகத்தான் படிக்கும். ஒரு எழுத்து மாறினாலும் உங்கள் சொல் சிக்காது. தமிழ் நாளிதழ் என்றால் சொல்லை நம்பாமல் தேதியை நம்புங்கள். ஆங்கில நாளிதழில் ஒரு செய்தி கிடைத்ததும் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு அடுத்த சில நாட்களின் தமிழ் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் ஒரே நிகழ்ச்சியை இரண்டு மொழி நாளிதழ்கள் எப்படி எழுதின என்று ஒப்பிட, இரண்டையும் படிக்கத் தெரிந்த உங்களால்தான் முடியும்.

சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் கேளுங்கள். ஜப்பானியர் காலத்தைப் பற்றித் தமிழிலேயே பேசியவர்களின் குரல்கள் அங்கே உள்ளன.

ஒரு நல்ல கட்டுரை பத்துக் கட்டுரைக்குச் சமம்

2005இல் பால் கிராட்டோஸ்கா தொகுத்த ஒரு நூல், போர்க்கால ஜப்பானியப் பேரரசில் ஆசியத் தொழிலாளர்களின் நிலையைப் பேசுகிறது. மலாயாத் தொழிலாளர்களும் இந்த ரயில் பாதையும் பற்றி அதில் ஓர் அத்தியாயம் உண்டு. எழுதியவர் ஜப்பானிய ஆய்வாளர் மிச்சிகோ நகஹாரா. இப்படி ஒன்று கையில் கிடைத்தால் அதன் அடிக்குறிப்புகளைப் படியுங்கள். அவர் எந்தக் கோப்பைப் பார்த்தார், எந்த நூலைப் படித்தார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். அது பின்னோக்கிய பாதை.

முன்னோக்கியும் போகலாம். கூகுள் ஸ்காலரில் அந்த நூலின் கீழே உள்ள ‘சைட்டட் பை’ என்பதைச் சொடுக்கினால், அதற்குப் பிறகு அதை மேற்கோள் காட்டியவர்கள் வருவார்கள். இந்த இரண்டையும் செய்தால், இந்தத் துறையில் யார் யார் எழுதுகிறார்கள் என்பது ஒரே மாலையில் பிடிபட்டுவிடும்.

ஏஐ-யிடம் கேட்கலாமா?

மாற்றுச் சொற்களைக் கேளுங்கள். அதில் அது கெட்டி. கேள்வியைச் சுருக்கவும் உதவும். ஆனால் ‘பத்து ஆதாரங்கள் கொடு’ என்று கேட்டால் கவனம். ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் பொருத்தமாக இருக்கும். அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இருக்காது. அது தரும் ஒவ்வொரு தலைப்பையும் நூலகப் பட்டியலில் தேடி, திறந்து, சம்பந்தப்பட்ட பக்கத்தை நீங்களே படித்த பிறகுதான் கட்டுரையில் சேர்க்க வேண்டும். நீங்கள் படிக்காத ஒன்று உங்கள் ஆதாரப் பட்டியலில் இருக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு ஏஐ வருவதற்கு முன்பும் இருந்தது.

எண்கள் ஒத்துப்போகவில்லையே, என்ன செய்வது?

இந்த ரயில் பாதையில் இறந்த போர்க் கைதிகள் சுமார் 13,000 பேர் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் சொல்கிறது. ஆசியத் தொழிலாளர்களுக்கு அதே ஆணையம் தரும் கணக்கு 80,000 முதல் 1,00,000 வரை. இடைவெளியைக் கவனித்தீர்களா? ஒரு பக்கம் ஒரே எண். இன்னொரு பக்கம் இருபதாயிரம் வேறுபாடு. மற்ற நூல்களைத் திறந்தால் இன்னும் வேறு எண்கள் வரும்.

பெரிய எண்ணாகப் பார்த்து ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு நகராதீர்கள். யார் எண்ணினார்கள், எப்போது, எதை வைத்து என்று கேளுங்கள். மதிப்பீடுகள் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு பத்தி எழுதினால், உங்கள் கட்டுரையில் ஆசிரியர் முதலில் கவனிப்பது அந்தப் பத்தியாகவே இருக்கலாம்.

நாவலையும் பாட்டியையும் ஆதாரமாகக் காட்டலாமா?

காட்டலாம். ஆனால் எதற்கு ஆதாரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நாவல் அந்த நிகழ்ச்சியை ஒரு சமூகம் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்குச் சான்று. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குச் சான்று ஆகாது. பாட்டி சொன்னதைப் பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். கல்லூரியில் நேர்காணலுக்கு ஒப்புதல் படிவம் உண்டா என்று விரிவுரையாளரிடம் விசாரியுங்கள். பிறகு கைப்பேசியில் பதிவு செய்து, தேதியையும் இடத்தையும் குறித்து வையுங்கள். “எந்தத் தோட்டம்? யார் வந்து கூப்பிட்டாங்க? கூட யாரெல்லாம் போனாங்க?” என்று கேளுங்கள். தோட்டத்தின் பெயர் ஒன்று கிடைத்தால் போதும். நாளிதழிலும் காப்பகத்திலும் தேட அது ஒரு புதிய சொல்.

ஆதாரப் பட்டியல் போடும்போது இன்னொரு சிக்கல் வரும். மேற்கோள் மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். நமக்குக் கடைசியில் இருப்பது அப்பா பெயர். அப்படியே விட்டால் எழுதியவர் மறைந்து, அவருடைய அப்பா ஆசிரியர் ஆகிவிடுவார். ஸோட்டேரோ போன்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். ஆனால் தமிழ்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

இன்று இரவே செய்யக்கூடியது

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, தேடிய இடம், தட்டிய சொற்கள், கிடைத்தது. ஒன்றும் கிடைக்காவிட்டாலும் ‘இல்லை’ என்று எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் அதே சொல்லை மறுபடி தட்டி நேரத்தை வீணாக்க மாட்டீர்கள். நூலகரிடம் போகும்போது அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ‘சயாம் ரயில் பத்தி ஏதாவது இருக்கா?’ என்று கேட்பவரைவிட, ‘இந்தப் பன்னிரண்டு சொற்களைப் போட்டுப் பார்த்தேன், இது மட்டும் கிடைத்தது’ என்பவருக்கு அவரால் அதிகம் உதவ முடியும்.

இவ்வளவும் செய்தாலும் உங்கள் தாத்தாவின் அண்ணன் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லாமல் போகலாம். அப்படியானால் அதையும் கட்டுரையில் எழுதுங்கள்: எங்கே தேடினீர்கள், எந்தப் பெயர்களில் தேடினீர்கள், என்ன இல்லை என்று. அவர் எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த ஆண்டு போனார் என்று பாட்டி சொன்னதைப் பக்கத்திலேயே வையுங்கள். அடுத்து இதே தலைப்பை எடுக்கும் மாணவர் தேடும்போது, உங்கள் கட்டுரையாவது அவருக்குக் கிடைக்கட்டும்.